ஊக்கத்தொகை மட்டும் போதுமா?
ஊக்கத்தொகை கொடுத்தால், வீட்டில் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் முறையைச் செவிலியர்கள் நோயாளிகளுக்கு இன்னும் அக்கறையாகச் சொல்லித் தருவார்கள் என்கிறது ஒரு கட்டுரை. பணம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை (நானும்தான்). ஆனால் வார்டில் வேலை பார்ப்பவளாகச் சொல்கிறேன், சொல்லிக் கொடுத்தது பலித்ததைக் கண்ணால் பார்ப்பதுதான் பெரிய தூண்டுதல். இன்சுலினை ஒரே இடத்தில் குத்திக் குத்தி வயிற்றில் கட்டி மாதிரி தடித்துப்போன ஒருவருக்கு, இடம் மாற்றிப் போடப் பழக்கினோம். தடித்த இடத்தில் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது. அடுத்த முறை சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. அவரே சட்டையைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு அலுப்பே தெரியவில்லை.

டிஸ்சார்ஜ் அவசரத்தில் "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். "நீங்களே போட்டுக் காட்டுங்க" என்று கேட்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை வேலையாகவே கணக்கில் எடுக்காத நிர்வாகம், எங்களுக்கு ஆர்வமில்லை என்று குறை சொல்வதுதான் வேடிக்கை.