தலைசுற்றல் என்றதும் அழுத்த அறையா?

ஸ்கூபா (காற்றுச் சிலிண்டருடன் கடலடியில் மூழ்குவது) முடித்து மேலே வந்தவருக்குத் தலை சுற்றினால், நேரே அழுத்த அறைக்கு, அதாவது காற்றழுத்தத்தைக் கூட்டிச் சிகிச்சை தரும் அறைக்குக் கொண்டுபோகச் சொல்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. இறங்கும்போது காது அடைத்ததா, மூக்கைப் பிடித்துப் பலமாக ஊதினாரா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால், வட்டச் சாளரச் சவ்வு (நடுக்காதுக்கும் உள்காதுக்கும் இடையிலுள்ள மெல்லிய தடுப்பு) கிழிந்து உள்காதுத் திரவம் கசிந்திருக்கலாம். இதில் காது இரைச்சலும் செவித்திறன் குறைவும் முந்திக்கொள்ளும்.

காதில் தொல்லையே இல்லாமல் ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு, மேலே வந்த 2 மணி நேரத்துக்குள் கடும் சுற்றலும் வாந்தியும் வந்தால் வாயுக் குமிழியைத்தான் (ஆழத்தில் உடலில் கரைந்த வாயு மேலே வரும்போது குமிழியாவது) சந்தேகிக்க வேண்டும். உடனே 100% ஆக்சிஜன், தாமதமில்லாமல் அழுத்த அறை.

கசிவுக்கு வைத்தியம் வேறு. தலையை 30 டிகிரி உயர்த்திப் படுக்கை ஓய்வு. மூக்குச் சிந்தக் கூடாது, முக்கக் கூடாது, மலச்சிக்கல் வரவே விடக் கூடாது. அழுத்த அறையில் காதைச் சமன்செய்யத் திணறினால் கிழிசல் பெரிதாகும்!

சிக்கல் நடுக்காதிலா உள்காதிலா என்று பார்க்க, 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் ஒலிக்கும் உலோகக் கவை) அதிரவிட்டு நெற்றி நடுவில் வையுங்கள். மந்தமான காதிலேயே ஒலி பலமாகக் கேட்டால் பெரும்பாலும் நடுக்காதுச் சிக்கல். நல்ல காதுப் பக்கம் போனால் உள்காது. செவிப்பறை சுத்தமாகத் தெரிவதை மட்டும் நம்பிவிடாதீர்கள், உள்ளே சாளரம் கிழிந்திருந்தாலும் அது அப்படியே இருக்கலாம். கசிவா குமிழியா என்று பிரித்தறியவே முடியாவிட்டால், காதைச் சமன்செய்யத் திணற வேண்டியிராதபடி செவிப்பறையில் மருத்துவர் சிறு துளையிட்ட பிறகு அழுத்த அறைக்கு அனுப்பலாம்.