அந்தப் பாட்டிக்குப் பேசத் தெரியும்

மூன்று நாள்களாக எல்லோருடைய பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். அடுப்பு மேடையில் இருக்கும் குரல் உதவிக் கருவியிடம் பாட்டி வத்தக்குழம்பைப் பற்றி ஏதோ கேட்க, அது சினிமாப் பாட்டைப் போட, படம்பிடித்த பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிரிப்பு எமோஜி போட்டவர்களில் என் நண்பர்களே இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். "முதலில் பாட்டிக்குக் கருவியிடம் பேசக் கற்றுக்கொடுங்கள்" என்று தொழில்நுட்ப மேதை ஒருவர் அங்கே அருளியிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பாட்டிக்குப் பேசத் தெரியும். சமைக்கவும் தெரியும். அவர் எப்படிப் பேசுவார், எதைக் கேட்பார் என்று அந்தக் கருவியைச் செய்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

என் அம்மாவுக்கு 76 வயது. "அந்தக் குக்கர்ல..." என்று தொடங்குவார், வாணலியில் இருப்பதை ஒரு முறை கிளறிவிடுவார், பிறகுதான் "எத்தனை விசில் வந்துது?" என்று முடிப்பார். அதற்குள் கருவி, பேச்சு முடிந்துவிட்டதாக முடிவுகட்டி, குக்கர் விலைப்பட்டியலை வாசிக்க ஆரம்பித்திருக்கும். சற்று மௌனம் வந்தாலே பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள்; யோசித்துப் பேசுகிறவர்களுக்காக அந்த நேரத்தைக் கொஞ்சம் கூட்டிவைக்கும் வசதி சில கருவிகளில் வந்திருந்தாலும், அம்மாவின் கருவிக்குக் காத்திருக்கத் தெரியவில்லை. இத்தனைக்கும் மூன்று விசிலையும் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் கருவிதான்!

அது பதில் சொல்லும் விதமும் அப்படித்தான். வயதாகும்போது காதுக்கு முதலில் மங்குவது கீச்சென்ற உயர் ஒலிகள். 'ச', 'ஸ' போன்றவை நழுவிவிடும். ஒலியைக் கூட்டினால் இரைச்சல் கூடுமே தவிரச் சொல் தெளியாது. தாழ்ந்த குரலில் நிதானமாக ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டிய இடத்தில், அது பன்னிரண்டு படிகளையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறது. அதுவும் யாருக்கு? நெல்லிக்காய் அளவு புளி என்று கையாலேயே அளக்கிறவருக்கு. அவருக்குச் செய்முறை வேண்டாம். உப்புப் போட்டாயிற்றா என்பதும், அப்பா போன பிறகு ஒருத்திக்கு மட்டும் எவ்வளவு வைப்பது என்பதும்தான் அவருக்கு வேண்டும்.

"என் பேச்சையே அது தப்பாகத்தான் கேட்கிறது, வயது எங்கே வந்தது?" என்பீர்கள். தப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை. ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறியும் மென்பொருள்களை அமெரிக்காவில் சோதித்து 2020இல் வெளியான ஆய்வில், வெள்ளையர் பேச்சில் 100 சொற்களுக்கு 19 தவறுகளும், கறுப்பினத்தவர் பேச்சில் 35 தவறுகளும் இருந்தன. எந்தக் குரல்களைக் கொடுத்துப் பழக்கினார்களோ அந்தக் குரல்கள்தான் அதற்கு நன்றாகப் புரியும். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசும் கும்பகோணத்து அம்மாவின் குரலை அதற்கு யார் கொடுத்தார்கள்?

"கிழவர்களுக்காக யார் செலவு செய்வார்கள்?" என்பவர்களுக்கு: 2011 கணக்கெடுப்பிலேயே இந்நாட்டில் 60 வயதைத் தொட்டவர்கள் 10 கோடிக்கு மேல். விசில் எண்ண வேண்டுமானால் சமையலறையை எந்நேரமும் ஒட்டுக்கேட்க வேண்டுமே என்ற கேள்வி நியாயமானது. என்னிடம் அதற்குப் பதில் இல்லை.

"இவ்வளவு பேசுகிற நீ அம்மாவோடு போய் இருக்கலாமே" என்றும் யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். கருவியை வாங்கி வைத்துவிட்டுப் பெங்களூருக்கு ரயில் ஏறியவன் நான்தான். ஏறுவதற்கு முதல் நாள், அம்மா அதனிடம் திண்டாடியதைப் படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டவனும் நான்தான். எல்லோரும் சிரித்தோம், அம்மாகூட ஒரு சிரிப்பு எமோஜி போட்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் அதனிடம் எதையும் கேட்கவில்லை என்பது போன மாதம் ஊருக்குப் போனபோதுதான் தெரிந்தது. அடுப்பு மேடையில், அந்தக் கருவிக்குப் பக்கத்தில், ஒரு விசிலுக்கு ஒன்றாக அம்மா புளியங்கொட்டையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.