ஒரு ராத்திரியாவது அந்தக் கார் நம் வீட்டில் நிற்கட்டும்

மின்சாரக் கார் வாங்கலாமா என்று யோசிக்கும் நண்பர்கள் பெரும்பாலும் கேட்பது, "எந்த மாடல் நல்லது?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. பார்த்துவைத்திருக்கும் காரை ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் நிறுத்தி, நீங்களே சார்ஜ் போட்டு, மறுநாள் காலை அதிலேயே வேலைக்குப் போய்ப் பார்த்தீர்களா? இல்லையென்றால் இன்னும் முன்பணம் கட்டாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் கறார்தான்.

ஷோரூமில் கிடைக்கும் டெஸ்ட் டிரைவ் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் விற்பனையாளர், சார்ஜ் நிரம்பிய கார், அவர்களுக்குப் பழக்கமான சாலை, இருபது நிமிடம். ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் கார் பாய்கிறது. சத்தம் இல்லை, அதிர்வு இல்லை. இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சந்தோஷம் உண்மையானதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசையைக் கொடுக்கும். அதனால் ஏறக்குறைய எல்லா மின்சாரக் கார்களும் அந்த இருபது நிமிடத்தில் நம்மை மயக்கிவிடும். இந்தக் கார் நமக்கு ஒத்துவருமா, அந்தக் கார் ஒத்துவருமா என்று பிரித்துச் சொல்ல அந்த ஓட்டத்தில் ஒன்றுமே இல்லை.

பெட்ரோல் காருக்கு அந்த இருபது நிமிடம் போதுமானதாக இருந்ததற்குக் காரணம், மற்றதெல்லாம் நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான். பங்கில் நிறுத்தினால் ஐந்து நிமிடத்தில் டேங்க் நிரம்பும். எந்த கார் வாங்கினாலும் அந்தப் பழக்கம் மாறாது. மின்சாரக் காரில் மாறுவதே அதுதான். எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் சார்ஜ் ஏறும் என்பதை வைத்து நம் நாளின் ஒழுங்கே கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறது. அதைப் பார்க்காமல் காரைப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

அதனால் முதல் சோதனையை வீட்டில் செய்ய வேண்டும். சாதாரண 10 ஆம்பியர் சாக்கெட்டில், 230 வோல்ட்டில் போட்டால் மணிக்கு 2.3 யூனிட் இழுக்கும். ராத்திரி பத்து மணி நேரம் விட்டால் 23 யூனிட். வழியில் பத்து சதவீதம் போல வீணாகிறது என்று வைத்தாலும் பேட்டரிக்குள் 20 யூனிட்டுக்கு மேல் சேரும். கிலோமீட்டருக்கு 150 வாட் அவர் (1,000 வாட் அவர்தான் ஒரு யூனிட்) செலவழிக்கும் காருக்கு அது ஏறத்தாழ 130 கிலோமீட்டர் ஓடப் போதும். தினமும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இது தாராளம். ஆனால் இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினால் யாரும் நம்புவதில்லை. காலையில் எழுந்து போய்த் திரையில் சதவீதம் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் பயம் விலகும். விலை கூடிய பெரிய பேட்டரி மாடல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவர், ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுப் பார்த்த பிறகு சிறியதே போதும் என்று இறங்கிவந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வீட்டின் எர்த்திங் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்யாமல் நிற்கும். கார் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், வயரிங் பார்க்கச் சொல்லி அது நமக்குச் சொல்கிறது. பழைய சாக்கெட்டாக இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து சார்ஜை நிறுத்திவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கட்டும். சாதாரண எக்ஸ்டென்ஷன் வயரில் சார்ஜ் போடவே கூடாது, பல மணி நேரம் தொடர்ந்து இழுக்கும் மின்னோட்டத்தை அது தாங்காது. கேபிள் எட்டுகிறதா, சார்ஜிங் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது, அதற்காகக் காரைத் திருப்பி நிறுத்த வேண்டியிருக்கிறதா என்பதெல்லாம் சின்ன விஷயம் போலத் தோன்றும். பல வருஷம் தினமும் செய்யப்போகிற வேலை அது, சின்ன விஷயம் இல்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்கள், சொந்த நிறுத்துமிடம் இல்லாதவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்களுக்கு வீட்டுச் சாக்கெட் கிடையாது என்றால் பொதுச் சார்ஜர்தான் உங்கள் பங்க். இரவல் கார் கையில் இருக்கும் நாட்களில், நீங்கள் உண்மையிலேயே போகக்கூடிய நேரத்தில் அங்கே போங்கள். ஞாயிறு மதியம் சும்மா இருக்கும் சார்ஜர் வெள்ளி சாயங்காலம் வரிசையில் நிற்க வைக்கலாம். ஆப்பை இறக்கி, பதிவு செய்து, பணம் போட்டு, கனெக்டரை மாட்டி, மின்சாரம் ஓட ஆரம்பிக்கும் வரை எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். விற்பனையாளர் செய்து காட்டுவது வேறு, மழையில் நின்று நாம் செய்வது வேறு.

சார்ஜர் மேல் எழுதியிருக்கும் கிலோவாட்டை, அதாவது சார்ஜ் ஏற்றும் வேகத்தை, அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. 150 கிலோவாட் சார்ஜரில் மாட்டினாலும், கார் 50 கிலோவாட்தான் வாங்கும் என்றால் 50தான் ஏறும். அதுவும் கடைசி வரை அதே வேகத்தில் ஏறாது. பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டியதும் வேகம் வெகுவாகக் குறையும், செல்களைக் காப்பாற்றத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற எவ்வளவு நேரம் என்று மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நெடும்பயணத்தில் உங்களைக் காக்க வைக்கப்போவது அந்த எண்தான்.

இப்போது எல்லோரும் கேட்கும் ரேஞ்ச், அதாவது முழு சார்ஜில் கார் எவ்வளவு தூரம் ஓடும் என்ற விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் இருக்கும் எண்ணை யாரும் பொய்யாக எழுதவில்லை, அது ஆய்வகத்தில் ஒரு குறிப்பிட்ட முறைப்படி எடுத்த அளவு. ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறைக்கு வந்த டபிள்யூஎல்டிபி முறையில் கார் உருளைகள் மேல் ஓடும். ஒரு சுற்று அரை மணி நேரம், சுமார் 23 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அறையின் வெப்பம் 23 டிகிரி, ஏசி அணைந்திருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ-வின் முறையில் ஆய்வகத்தில் வந்த எண்ணை வழக்கமாக 0.7-ஆல் பெருக்கிக் குறைத்துத்தான் வெளியிடுகிறார்கள். நடைமுறை எப்படி இருக்கும் என்று சோதனை நடத்துகிறவர்களுக்கே தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நம்முடைய எண்ணை நாமே எடுத்துவிடலாம். திரையில் தெரியும் "மீதி இத்தனை கிலோமீட்டர்" என்பதை முதல் நாள் நம்பாதீர்கள். பல கார்களில் அது அண்மையில் ஓட்டப்பட்ட விதத்தை வைத்துப் போடும் கணிப்பு. டெமோ காரை நாள் முழுக்க ஆள் ஆளுக்கு மிதித்து ஓட்டியிருப்பார்கள், அந்தப் பழக்கம் உங்கள் கணக்கில் ஏறிவிடும். டிரிப் மீட்டரைப் பூஜ்யம் ஆக்குங்கள், சதவீதத்தைக் குறியுங்கள். 60 யூனிட் பயன்படுத்தக்கூடிய பேட்டரியில் 90 சதவீதத்திலிருந்து 50-க்கு இறங்க 160 கிலோமீட்டர் ஓடியது என்றால், 24 யூனிட் செலவாகியிருக்கிறது. கிலோமீட்டருக்கு 150 வாட் அவர். முழு பேட்டரிக்கு 400 கிலோமீட்டர். ஆனால் நெடுந்தூரத்தில் நாம் உண்மையில் பயன்படுத்துவது 80-க்கும் 10-க்கும் நடுவில் உள்ள 70 சதவீதத்தைத்தான். ஆக, இரண்டு சார்ஜிங் நிறுத்தங்களுக்கு நடுவே 280 கிலோமீட்டர். இந்த 280-ஐ வைத்துக்கொண்டு உங்கள் வழக்கமான நீண்ட பயணத்தை யோசித்துப் பாருங்கள், படம் தெளிவாகிவிடும்.

நெடுஞ்சாலையில் ஒரு தடவையாவது ஓட்டுங்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 100-லிருந்து 120-க்குப் போனால் வேகம் கூடுவது 20 சதவீதம்தான், காற்றை எதிர்க்கும் விசை 44 சதவீதம் கூடுகிறது. பெட்ரோல் காரிலும் இதே இயற்பியல்தான், ஆனால் இன்ஜினிலேயே பெரும்பகுதி வெப்பமாக வீணாகிவிடுவதால் நமக்கு அவ்வளவாக உறைப்பதில்லை. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது மின்சாரக் கார் சிக்கனமாகவும் நெடுஞ்சாலையில் அதிகம் செலவழிப்பதாகவும் மாறும், அதாவது நாம் பழகியதற்கு நேர் எதிர். குளிர் நாட்களில் வேறொரு கணக்கு இருக்கிறது. ஹீட்டர் 3 கிலோவாட் இழுக்கிறது, போக்குவரத்து நெரிசலில் சராசரி 30 கிலோமீட்டர் வேகம் என்றால், கிலோமீட்டருக்கு 100 வாட் அவர் வெறும் சூட்டுக்கே போய்விடும். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்துக் கொடுக்கும் ஹீட் பம்ப் உள்ள கார் இதில் நன்றாக மிச்சம் பிடிக்கும். இது இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சுகமான பருவத்தில் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

அப்புறம் ரீஜென். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியை மெதுவாக்கி, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். முதல் அரை மணி நேரத்தில் இது பலருக்குப் பிடிக்காது, காரே முன்னால் தள்ளுகிற மாதிரி இருக்கும். இரண்டாவது நாள் காலுக்குப் பழகிவிடும், பிறகு பழைய காரில் ஏறினால் அதுதான் விசித்திரமாகத் தெரியும். 2009-இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் மினி இ என்ற காரை விற்காமல், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாதாரண மக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்து மாதக்கணக்கில் ஓட்ட வைத்தது. பேட்டரி பின்சீட்டு இடத்தை முழுக்க எடுத்துக்கொண்டதால் அதில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். காலை எடுத்ததும் பலமாக வேகம் குறையும் கார் அது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் 2013-இல் ஐ3 வந்தது. காரைச் செய்த நிறுவனத்துக்கே மனிதர்கள் அதோடு வாழ்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது என்றால், நமக்கு இருபது நிமிடத்தில் எப்படிப் புரியும்?

ஓட்டுகிறவருக்கு ரீஜென் பிடித்துவிடும், பின்னால் இருப்பவர்களைக் கேளுங்கள். வேகம் கூடுவதும் குறைவதும் மாறி மாறி வந்தால் சிலருக்குக் குமட்டும். அளவைக் குறைத்து வைக்கும் வசதி இருந்தால் குறைத்துப் பார்த்து மறுபடி கேளுங்கள். எங்கள் வீட்டில் முதலில் பார்த்துவைத்திருந்த காரை வேண்டாம் என்று விட்டதே பின்சீட்டால்தான். பேட்டரி அடியில் பரவியிருப்பதால் சில கார்களில் தரை உயர்ந்துவிடும், சீட் அந்த அளவுக்கு உயராது. தொடை சீட்டில் படியாமல் முட்டி மேலே தூக்கி நிற்கும். ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் போய் இறங்கியபோது அவரால் காலை நீட்டி நிற்க முடியவில்லை. அதே விலைக்கு வேறொரு கார் எடுத்தோம். பிக்கப் கொஞ்சம் குறைவு, ரேஞ்சும் கொஞ்சம் குறைவு. அம்மா இப்போது பின்னால் உட்கார்ந்து தூங்குகிறார், எனக்கு அது போதும்.

டிக்கியைத் திறந்து வழக்கமாக ஏற்றும் சாமான்களை ஏற்றிப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டும்தானா என்று பாருங்கள். ராத்திரி நிறுத்தும்போது சதவீதத்தைக் குறித்து, சார்ஜ் போடாமல் விட்டு, காலையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் ஒரு நாள் பாருங்கள்.

பேட்டரி ஐந்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்பதை எந்த டெஸ்ட் டிரைவும் சொல்லாது. அதற்கு வாரண்டி காகிதம்தான். பொதுவாக 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பார்த்துக்கொள்வோம் என்று இருக்கும். உங்கள் காரின் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள்.

சரி, டீலர் இதற்கெல்லாம் ஒப்புக்கொள்வாரா? பலர் மாட்டார்கள். டெமோ காரில் கிலோமீட்டர் ஏறும், இடித்துவிட்டால் யார் பொறுப்பு, அந்த நேரத்தில் வேறு பத்து பேருக்குக் காட்ட முடியாது. இவை நியாயமான கவலைகள்தான். அதற்காக இலவசமாகக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு கட்டணம் வாங்கட்டும், கார் எடுத்தால் விலையில் கழித்துக்கொள்ளட்டும். கிலோமீட்டர் வரம்பு, காப்பீடு, சேதமானால் நம் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் கொடுக்கட்டும். நாமும் டெமோ காரைக் கையில் வாங்கும்போதே நான்கு பக்கமும் படம் எடுத்துவைத்துக்கொள்வோம். ஆனால் இத்தனை பெரிய தொகையைக் கேட்டுவிட்டு, அந்தக் காரை ஒரு ராத்திரி நம்மிடம் விட முடியாது என்று சொல்வது எனக்குக் கோபத்தை வரவைக்கிறது. விற்ற பிறகு வாடிக்கையாளர் என்ன பாடுபட்டாலும் அது அவர் பாடு என்றுதான் அதற்கு அர்த்தம்.

நடக்கவே முடியாத காரியமும் இல்லை இது. டெஸ்லா 2019-இல் ஆன்லைன் விற்பனைக்கு முழுவதும் மாறப்போவதாக அறிவித்தபோது, ஏழு நாளுக்குள் அல்லது 1,000 மைலுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று சொன்னது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அதை எடுத்தும் விட்டது. எடுத்திருக்கக் கூடாது என்பது என் எண்ணம். ஓட்டிப் பார்த்து வேண்டாம் என்று திருப்பித் தருகிறவரால் நிறுவனத்துக்குச் செலவுதான், ஆனால் பிடிக்காத காரோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டுகிற ஒருவர் தனக்குத் தெரிந்த எல்லோரிடமும் மின்சாரக் காரே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருப்பார், அந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

டீலர் மறுத்தால் வாடகைக்கு எடுங்கள். வாடகைக் கார் நிறுவனங்கள் பலவற்றிடம் இப்போது மின்சாரக் கார்கள் இருக்கின்றன. மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, பேட்டரி அளவும் சக்கரத்தின் அளவும் நீங்கள் வாங்கப்போவதேதானா என்று பார்த்து எடுங்கள். பெரிய சக்கரம் போட்ட அதே கார் ரேஞ்சில் குறைத்துக் காட்டும், மேடு பள்ளத்தில் முதுகுக்கும் வேறு மாதிரி இருக்கும். வார இறுதிக்கு மட்டும் எடுக்காதீர்கள், வேலை நாட்களையும் சேர்த்து எடுங்கள். வீட்டில் வேறு யார் ஓட்டப்போகிறார்களோ அவர்கள் பெயரையும் ஓட்டுநராகச் சேர்த்து, முதல் நாளே சாவியை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.