ஃபெர்ராண்ட் சிறையில் இருந்தார் ஐயா, ஆண்டது ஜோன்

இணையத்தில் ஒருவர் போட்ட அந்த வரலாற்றுப் பட்டியலையும் அதன் கீழே நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள், மறுபடி ஸ்கிரீன்ஷாட் போடப் போவதில்லை. ஃபிளாண்டர்ஸ் என்பது இன்றைய பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் பரவியிருந்த இடைக்காலச் சிற்றரசு; ஆண்டவர் பட்டம் கவுன்ட், பெண்ணானால் கவுன்டஸ். 'ஃபிளாண்டர்ஸை ஆண்டவர்கள்' வரிசையில் ஒன்பதாம் பால்ட்வின், அடுத்து ஃபெர்ராண்ட், அடுத்து தாமஸ், அடுத்து கீ. பால்ட்வினின் மகள், ஃபெர்ராண்டையும் பிறகு தாமஸையும் மணந்த ஜோனுக்கு அடைப்புக்குறிக்குள் 'மனைவி'. அவர் தங்கை, கீயின் அம்மா மார்கரெட்டுக்கு அதுவும் இல்லை. மரியாதையாகத்தான் சுட்டிக்காட்டினேன். "வரலாற்றில் பெண்ணியத்தைத் திணிக்காதீர்கள் மேடம்" என்று பதில், கூடவே கைகூப்பும் பொம்மை.

சரி, திணிக்கவில்லை. வருடங்களை மட்டும் சொல்கிறேன். அப்பா பால்ட்வின் நான்காம் சிலுவைப் போருக்குப் போய் 1204-ல் கான்ஸ்டான்டினோபிளில் பேரரசராக முடிசூடினார். அடுத்த வருடமே அட்ரியானோபிளில் பல்கேரியர்களிடம் பிடிபட்டார், திரும்பி வரவில்லை. மூத்த மகள் ஜோன் அப்போது சின்னக் குழந்தை. 1212-ல் போர்ச்சுகல் இளவரசர் ஃபெர்ராண்டுக்குக் கட்டிவைத்தார்கள். அவர் 1214 ஜூலையில் பூவீன் போரில் பிரெஞ்சு அரசரிடம் சிக்கினார், வெளியே வந்தது 1227-ல். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் சிறை! அவ்வளவு காலமும் கவுன்டஸாக இருந்து முத்திரை வைத்தவர், பதினைந்து வயதுகூட நிறைந்திருக்குமா என்று தெரியாத அந்தப் பெண். உங்கள் பட்டியல்படி ஆண்டவர் லூவ்ர் கோட்டைக்குள் இருக்கிறார்.

"அவள் பிரெஞ்சு அரசரின் பொம்மைதானே" என்று ஒருவர் வருவார். பூவீன் தோல்விக்குப் பிறகு ஈப்ர், காசெல் கோட்டைகளை இடிக்கச் சொல்லி எழுதி வாங்கினார்கள், உண்மைதான். ஆனால் பிரெஞ்சு அரசருக்குக் கட்டுப்பட்டவர் என்றால் ஆண்டவர் இல்லை என்பது விதியானால் பாதி கவுன்ட்களை அடித்துவிட வேண்டும். அந்த விதி ஆண்களின் பெயர் வரும்போது மட்டும் தூங்கிவிடுகிறது. "அந்தக் காலச் சட்டப்படி கணவர்தான் கவுன்ட்." ஆமாம், மனைவியின் உரிமையால்! பட்டம் யாரிடமிருந்து வந்தது?

1225-ல் ஒரு துறவி வந்து நான்தான் பால்ட்வின் என்றார். நகரங்களும் பிரபுக்களும் அவர் பின்னால் ஓடினார்கள். பிரெஞ்சு அரசர் எட்டாம் லூயி அவரை பெரோன் நகரத்தில் வைத்துக் கேட்டபோது தனக்கு வீரப்பட்டம் எங்கே தரப்பட்டது என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. லில் நகரத்தில் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகும் 'அப்பாவைத் தூக்கில் போட்டவள்' என்ற பேச்சு ஜோனை விடவில்லை. பழி மட்டும் அடைப்புக்குறி இல்லாமல் வந்துவிட்டது பாருங்கள். 1235-ல் லில் நகர நிர்வாகத்துக்கு அவர் கொடுத்த சாசனமும், அங்கே அவர் தொடங்கிய, இன்று அருங்காட்சியகமாக நிற்கும் மருத்துவ விடுதியும் யாருக்கு ஞாபகம்?

கும்பகோணத்தில் எங்கள் தாத்தாவின் பாத்திரக்கடைப் பலகையில் 'அன் சன்ஸ்' என்று இருக்கும். சன்ஸ் இருவரும் வெளியூர். கடையைத் திறந்து, பித்தளை எடை போட்டு, கடன்காரனிடம் பேசி, கணக்கு முடித்துச் சாத்தியது என் அத்தை. அவர் இறந்தபோது வந்த அஞ்சலி நோட்டீசில் 'இன்னாரின் சகோதரி' என்று போட்டார்கள். சகோதரி! அதைச் சொன்னால் இதிலும் குற்றம் கண்டுபிடிக்கிறாயா என்றார் மாமா.

மார்கரெட் விஷயம் இன்னும் மோசம். அக்கா ஜோன் 1244-ல் இறந்ததும் பதவிக்கு வந்தார், 1278-ல் தாமாக மகன் கீயிடம் விட்டுக்கொடுத்தார். முப்பத்து நான்கு வருடம். இரண்டாம் கணவர், டாம்பியேர் குடும்பத்து வில்லியம் 1231-லேயே போய்விட்டார், ஒளிந்துகொள்ளக்கூட ஒரு கணவர் இல்லை. இரண்டு திருமணத்துப் பிள்ளைகளும் சொத்துக்கு அடித்துக்கொண்டதை ஒன்பதாம் லூயி 1246-ல் பிரித்துவைத்தார், பக்கத்துச் சிற்றரசான எய்னோ முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்கு, ஃபிளாண்டர்ஸ் வில்லியமின் பிள்ளைகளான டாம்பியேர்களுக்கு. "1251 முதல் கீ கூட்டு கவுன்ட் ஆயிற்றே." ஆயிற்று. அம்மா இல்லாமலா கூட்டு?

ஃபிளாண்டர்ஸ் பரம்பரையே ஜூடித் என்ற அரசகுமாரி இரும்புக்கை பால்ட்வினோடு ஓடிப்போனதில் தொடங்கியது. அது பட்டியலில் இருக்கிறது, காதல் கதை ஆயிற்றே.

"ஐரோப்பியச் சண்டை உனக்கு எதற்கு" என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது, பட்டியல் போட்டவரிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. மற்றவர்கள் தாராளமாக வாருங்கள். முதல் வரியில் மட்டும் 1220-ல் ஃபெர்ராண்ட் எங்கே இருந்தார் என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.