மணிக்கு வயது 24

குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து சிம்ஸ் பூங்கா போகும் வழியில், ஒரு பேக்கரிக்கும் ஸ்வெட்டர் கடைக்கும் நடுவே பிரபுவின் கடை. போர்டில் 'செல்லப் பிராணிகள் பராமரிப்பு' என்று இருக்கும். ஊரில் எல்லோரும் 'நாய் சலூன்' என்பார்கள். அதுதான் சரியான பெயர் என்பது என் கட்சி. காலை 11 மணி. மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கெழுதும் வேலுச்சாமி உள்ளே நுழைகிறார். சலவை வேட்டி, கையில் மஞ்சள் பை. நாய் இல்லை.

பிரபு: வாங்கண்ணா, உட்காருங்கள். நாய் வண்டியில் இருக்கிறதா?

வேலுச்சாமி: இல்லை தம்பி, வீட்டில். முதலில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

பிரபு: நல்லதாகப் போயிற்று. (நோட்டை எடுக்கிறார்) பெயர்?

வேலுச்சாமி: வேலு... என் பெயரா, அதன் பெயரா?

பிரபு: அதன் பெயர்.

வேலுச்சாமி: மணி.

பிரபு: ஆணா, பெண்ணா?

வேலுச்சாமி: பெண்தான். மணிமேகலை. வீட்டில் மணி என்று கூப்பிடுவோம்.

பிரபு: வயது?

வேலுச்சாமி: 24. ஆவணி வந்தால் 25.

பிரபு: (பேனா நிற்கிறது) அண்ணா, நாய் 13 வருடம் இருந்தாலே நல்ல ஆயுசு என்போம். உங்கள் மணியைப் பேப்பரில் போட வேண்டும்.

வேலுச்சாமி: மாதம் தம்பி, மாதம். வாய் தவறிவிட்டது.

பிரபு: சரி, 24 மாதம். என்ன ஜாதி?

வேலுச்சாமி: (நிமிர்ந்து உட்கார்ந்து) அதையெல்லாம் தரகர் முதலிலேயே சொல்லியிருப்பாரே.

பிரபு: நாய்க்கு ஏதுங்க தரகர்? ராஜபாளையமா, சிப்பிப்பாறையா, லாப்ரடாரா என்று கேட்டேன்.

வேலுச்சாமி: ஓ, அதுவா. அம்மா வழி ராஜபாளையம். அப்பா வழி காரமடை.

பிரபு: குணம் எப்படி?

வேலுச்சாமி: தங்கம். அருமையாகச் சமைக்கும்... சமைத்ததை அருமையாகச் சாப்பிடும்.

பிரபு: அட்டை இருக்கிறதா?

வேலுச்சாமி: (காலைத் தூக்கிப் பார்க்கிறார்) வெயில் காலத்தில்கூடவா அட்டை ஏறும்?

பிரபு: தடுப்பூசி அட்டைங்கண்ணா. ரத்தம் குடிக்கிற அட்டை மழைக்குத்தான் வரும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடிக்கு ஊசி, அப்புறம் வருடா வருடம். அந்த அட்டை இல்லாமல் நான் எதையும் தங்க வைப்பதில்லை.

(உள்கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய லாப்ரடார் வருகிறது. பக்கத்து வெலிங்டன் ராணுவக் கல்லூரியில் படிக்க வந்திருக்கும் அதிகாரி ஒருவருடையது. பெயர் பூரி. வேலுச்சாமியின் இரண்டு கால்களும் நாற்காலி மேல் ஏறிவிடுகின்றன.)

பிரபு: பயமா?

வேலுச்சாமி: பயமெல்லாம் இல்லை. ஒரு மரியாதை. தம்பி, அது என்னைப் பார்த்துத்தான் வருகிறது. உன் பக்கம் கூப்பிடு.

பிரபு: கூப்பிட்டால் வராதுங்கண்ணா. என்னைக் கண்டால் அதற்கு ஆகாது.

வேலுச்சாமி: உன் தொழிலே நாய்தானே!

பிரபு: அதனால்தான். சின்ன வயதிலிருந்தே எனக்கு நாய் என்றால் உயிர். தெருநாய்க்கு வர்க்கி வாங்கிப் போட்டே அப்பாவின் தேயிலைச் சம்பளத்தைக் கரைத்தேன். கால்நடை டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. ஐந்தரை வருடப் படிப்பு. பிளஸ் டூ மார்க்கை வைத்து 200க்கு கட்-ஆஃப் போடுவார்கள். எனக்கு வந்தது 171. "இந்த மார்க்குக்கு நீ நாயாகப் போனால்தான் அந்தக் காலேஜ் கேட்டைத் திறப்பான்" என்றார் அப்பா.

வேலுச்சாமி: விவரமான மனிதர். அப்புறம்?

பிரபு: தெருநாய்களுக்குக் கருத்தடை செய்கிற முகாமில் வலை போட்டுப் பிடிக்கும் வேலை. ஆபரேஷன் முடிந்ததும் அடையாளத்துக்குக் காதில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, பிடித்த தெருவிலேயே விட்டுவிட வேண்டும். அதுதான் சட்டம். இரண்டு வருடம் வலையும் கையுமாகத் திரிந்தேன். இன்றைக்கும் மார்க்கெட் பக்கம் போனால் காது வெட்டுப்பட்ட கிழடுகள் என்னைப் பார்த்ததும் சந்துக்குள் புகுந்துவிடும்.

வேலுச்சாமி: அடப் பாவமே.

பிரபு: அதற்குப் பிறகு ஒரு கிளினிக்கில் உதவியாள். நான் பிடித்துக்கொள்வேன், டாக்டர் குத்துவார். ஊசி அவருடையது, கெட்ட பெயர் என்னுடையது. நாய் அவர் கையை நக்கிவிட்டுப் போகும். என்னைப் பார்த்து உறுமும். இப்போது சொந்தக் கடை, நகம் வெட்டுகிறேன். நாய் நகத்துக்குள் ரத்தக் குழாய் ஓடுகிறது. வெள்ளை நகமென்றால் இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகத்தில் எதுவும் தெரியாது. கொஞ்சம் கூட வெட்டிவிட்டால் போச்சு, அடுத்த தடவை தெருமுனையிலேயே உட்கார்ந்துகொள்ளும். இழுத்துத்தான் வர வேண்டும்.

வேலுச்சாமி: ஆக, நாய் மேல் ஆசைப்பட்டு...

பிரபு: குன்னூரில் உள்ள அத்தனை நாய்க்கும் பிடிக்காத ஒரே ஆளாகிவிட்டேன். பாருங்கள், உங்கள் மடியில் தலையை வைத்துவிட்டது. பார்க்காமல், தொடாமல், பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஆளிடம்தான் நாய் தானாகப் போகும். முகத்துக்கு நேரே குனிந்து கொஞ்சுகிறவர்களை நம்பாது.

வேலுச்சாமி: மாமியார் வீட்டில் 30 வருடமாக இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே யாருக்கும் பிடிக்கவில்லையே! (குரலைத் தாழ்த்தி) அது போகட்டும், வருமானம் எப்படி? குளிப்பாட்ட என்ன வாங்குகிறாய்?

பிரபு: பெரிய நாய்க்கு 1,200.

வேலுச்சாமி: எனக்கு முடி வெட்டி, சவரமும் பண்ணி 150 ரூபாய்தான் தம்பி!

பிரபு: நீங்கள் கடிக்க மாட்டீர்கள். சோப்பு நுரையோடு எழுந்து உதற மாட்டீர்கள்.

வேலுச்சாமி: அந்தக் காசுக்கு முடியையும் சுத்தமாக வழித்துவிடுவாயாக்கும்?

பிரபு: அய்யோ, ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவருக்கெல்லாம் வழிக்கவே கூடாது. இரண்டு அடுக்கு முடி. குளிரை மட்டுமில்லை, வெயிலையும் அதுதான் தடுக்கிறது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் மொட்டை அடிக்கச் சொல்வார்கள். அதற்குப் பழனிக்குப் போங்கள் என்று சொல்லிவிடுவேன்.

வேலுச்சாமி: எந்த மாதம் நன்றாக ஓடும்?

பிரபு: ஏப்ரலும் மேயும் உட்கார நேரமிருக்காது. மே மாதம் ஊட்டி கலைக் கல்லூரி மைதானத்தில் நாய்க் கண்காட்சி வேறு. அப்போது ஒவ்வொரு நாயும் கல்யாணப் பெண் மாதிரிதான். வருகிறவர்கள் ஊட்டி சாக்லேட்டை நாய்க்கு ஊட்டிவிட்டு, வாந்தி எடுத்ததும் என்னிடம் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். சாக்லேட்டில் தியோப்ரோமின் என்று ஒன்று இருக்கிறது. நம் உடம்பு சீக்கிரம் செரித்துவிடும், நாயின் உடம்பால் முடியாது. டாக்டரிடம் ஓடுங்கள் என்று விரட்டுவேன். ஜூன் பிறந்தால் ஈ ஓட்டுவேன். மழையில் முடி காயாது, கரன்ட் போனால் டிரையரும் நின்றுவிடும், என் லுங்கிதான் துண்டு. மற்றபடி தங்குகிற நாய்களை மாலை 6 மணிக்கு மேல் வெளியே விடுவதில்லை. சிறுத்தை வரும்.

வேலுச்சாமி: (வாசலைப் பார்த்து, பதறி) மணி இப்போது என்ன ஆகியிருக்கும்?

பிரபு: உங்கள் வீட்டில்தானே இருக்கிறாள்?

வேலுச்சாமி: கடிகாரத்தைக் கேட்டேனப்பா!

பிரபு: (நோட்டை மூடுகிறார்) அண்ணா, நீங்கள் பெண் வீட்டிலிருந்துதானே வந்திருக்கிறீர்கள்?

வேலுச்சாமி: யார் சொன்னது?

பிரபு: உங்கள் வேட்டிதான். உள்ளே வரும்போது அதில் ஒரு முடி இல்லை. நாய் வளர்க்கிறவர் வேட்டி அவ்வளவு வெள்ளையாக இருக்காது.

(இதற்குமேல் மறைத்துப் பிரயோசனமில்லை. வேலுச்சாமி மஞ்சள் பையை மடியில் வைக்கப் பார்க்கிறார். இடமில்லை, பூரி இருக்கிறது.)

வேலுச்சாமி: பெண்ணுக்குத் தாய்மாமன், தம்பி. அக்காதான் அனுப்பினாள். மாப்பிள்ளை 'பெட் கேர்' நடத்துகிறார் என்றார் தரகர். நாங்கள் மெத்தைக் கடை என்று நினைத்துவிட்டோம். குளிர் ஊராயிற்றே, மெத்தை நன்றாக ஓடும் என்று அக்காவுக்குப் பெரிய சந்தோஷம். நேற்றுத்தான் யாரோ, "மெத்தை இல்லைங்க, நாய்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

பிரபு: (திடீரென்று கிசுகிசுப்பாக) அண்ணா, அசையாதீர்கள். பூரி கண்ணை மூடிவிட்டது.

வேலுச்சாமி: அதற்கு?

பிரபு: மூன்று மாதமாக இதன் நகத்தை என்னால் வெட்ட முடியவில்லை. முன்னங்காலை இப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்த வேண்டாம். ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள்.

வேலுச்சாமி: என்ன பேசுவது? நாயிடம் நான் பேசியதே இல்லை.

பிரபு: மண்டியில் பேசுவதைப் பேசுங்கள்.

வேலுச்சாமி: (தடவிக்கொண்டே) ஊட்டி உருளை மூட்டை வந்ததம்மா... கோலார் உருளை ஈரமாக இருந்ததம்மா... எடையில் இரண்டு கிலோ குறைந்ததம்மா...

(டக். டக். டக். பதினெட்டாவது நகத்தில் பூரி விழித்துக்கொள்கிறது. பிரபுவைப் பார்க்கிறது. கத்தரியைப் பார்க்கிறது. கடைசியாக, தன் காலைப் பிடித்திருக்கும் கையைப் பார்க்கிறது. எழுந்து, மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறது.)

வேலுச்சாமி: என்ன தம்பி, முகத்தைத் திருப்பிக்கொண்டது?

பிரபு: வெட்டியது நான். பிடித்துக்கொண்டது நீங்கள்.

வேலுச்சாமி: நான் என்ன செய்தேன்? நீ சொன்னாய், பிடித்தேன். பூரி! ஏய் பூரி, இங்கே பார் கண்ணு. மாமாவைப் பார்.

பிரபு: பார்க்காதுங்கண்ணா.

வேலுச்சாமி: (எழுந்துவிடுகிறார். வேட்டி முழுக்க மஞ்சள் முடி) பக்கத்து பேக்கரியில் வர்க்கி கிடைக்குமா?

பிரபு: கிடைக்கும். பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள், நெய் அதிகம்.

(மஞ்சள் பைக்குள் செல்போன் அடிக்கிறது.)

வேலுச்சாமி: சொல்லக்கா... ஆமாம், கடையில்தான் நிற்கிறேன்... பையனா? பையன் இருக்கட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம். இங்கே ஒருத்தி என் மேல் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.