பில்லில் வராத வரி

"வரி போட்டா கட்டப்போறது அவன்தானே, உனக்கென்ன நோகுது?" இறக்குமதி வரி பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு நண்பர் என்னைக் கேட்டது இது. விவரமானவர், கடையில் பில்லை இரண்டு தடவை கூட்டிப் பார்க்காமல் பணம் எடுக்க மாட்டார். அவரே இப்படிக் கேட்டதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த "அவன்", அதாவது சரக்கை அனுப்பும் வெளிநாட்டுக்காரன், கட்டுவதே இல்லை. கப்பலில் இருந்து கன்டெய்னர் இறங்கியதும் சுங்கத்தில் ஓர் ஆவணம் தாக்கல் செய்ய வேண்டும். உள்ளே என்ன சரக்கு, எந்த நாட்டில் செய்தது, மதிப்பு எவ்வளவு, சுங்க அட்டவணையில் எந்த எண்ணில் வருகிறது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த எண்ணுக்கு எத்தனை சதவீதமோ அதைக் கட்டினால்தான், இல்லாவிட்டால் கட்டுவதாக உத்தரவாதம் கொடுத்தால்தான், சரக்கு வெளியே வரும். கட்டுகிறவர் சரக்கை வரவழைத்த உள்நாட்டு வியாபாரி. அனுப்பியவர் விலையை வாங்கிக்கொண்டு அடுத்த ஆர்டரைப் பார்க்கப் போயிருப்பார்.

சரி, வியாபாரி கட்டிவிட்டுச் சும்மா இருப்பாரா? 100க்கு வந்த பொருளுக்கு 25 சதவீத வரி என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் 125. இறக்குமதியாளர் 20 சதவீதம் லாபம் வைத்தால் 150, சில்லறைக் கடை 30 சதவீதம் வைத்தால் 195. வரியே இல்லாமல் இதே கணக்கைப் போட்டால் 156தான் வரும். அரசு வாங்கியது 25, உங்கள் பையில் இருந்து போனது 39. மிச்சம் 14 யாரும் திருடியதல்ல, அடக்கத்தின் மேல் சதவீதம் போடும் பழக்கம் செய்த வேலை. இதற்குமேல் விற்பனை வரி இருந்தால் அது ஏறிய விலையின் மேல்தான் விழும், அதாவது வரிக்கும் வரி.

எல்லா நேரமும் இப்படியே நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விற்கிறவர் சந்தையை இழக்கக் கூடாதென்று கொஞ்சம் விலை குறைத்துத் தருவார், கடைக்காரர் தன் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், அனுப்பும் நாட்டின் பணமதிப்பு இறங்கினால் அதுவும் ஒரு பங்கைத் தின்றுவிடும். 2018, 2019இல் அமெரிக்கா சீனச் சரக்குகளுக்குப் போட்ட வரிகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் பலர் அலசினார்கள். வரிக்கு முந்தைய விலையைச் சீன ஏற்றுமதியாளர்கள் ஏறக்குறைய குறைக்கவே இல்லை, துறைமுகத்தில் கிட்டத்தட்ட முழுச்சுமையும் அமெரிக்க இறக்குமதியாளர் தலையில்தான் விழுந்தது. ஆனால் கடை அலமாரியில் விலை உடனே அந்த அளவுக்கு ஏறவில்லை, பல பொருள்களில் கடைக்காரர்கள் கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தார்கள். அப்புறம் இன்னொன்று, வரி வரப்போகிறது என்று தெரிந்தாலே எல்லோரும் முன்கூட்டியே சரக்கை இறக்கிக் குவித்துவிடுவார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் அதுதான் நடந்தது. பழைய விலைச் சரக்கு தீரும்வரை கடையில் மாற்றம் தெரியாது. அந்த இடைவெளியில்தான் "பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரு கூட்டம் கிளம்பும்.

நண்பரிடம் நான் சொன்னது வாஷிங் மெஷின் கதை. 2018 பிப்ரவரியில் அமெரிக்கா இறக்குமதி வாஷிங் மெஷின்களுக்கு வரி போட்டது. முதல் ஆண்டில் முதல் 12 லட்சம் மெஷின்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வருபவற்றுக்கு 50. மெஷின் விலை சராசரியாகச் சுமார் 12 சதவீதம் ஏறியது. இதுவரைக்கும் யாரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் உள்நாட்டிலேயே செய்த மெஷினின் விலையும் கூடவே ஏறியது! அதற்கு வரியே கிடையாது. பக்கத்தில் நிற்கிற போட்டியாளரின் விலை ஏறிவிட்டது, நாம் மட்டும் ஏன் பழைய விலைக்குக் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு. சந்தடி சாக்கில் ஏற்றுவது என்பார்களே, அதுதான்.

அதைவிட வேடிக்கை துணி உலர்த்தும் டிரையர். அதற்கு இந்த வரி எந்த வகையிலும் இல்லை. ஆனால் அங்கே வாஷரையும் டிரையரையும் ஜோடியாக வாங்குவது வழக்கம், இரண்டின் விலையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வாஷரில் மட்டும் ஏற்றினால் பளிச்சென்று தெரியும் அல்லவா, அதனால் பாரத்தை இரண்டிலும் பிரித்து ஏற்றினார்கள். டிரையர் விலையும் வாஷர் அளவுக்கே ஏறியது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

எங்கே அரசாங்கக் கணக்கையும் பார்ப்போம் என்றால், அந்த வாஷர் வரியில் ஓர் ஆண்டில் கஜானாவுக்கு வந்தது சுமார் 8.2 கோடி டாலர். வாங்கியவர்கள் கூடுதலாகக் கொடுத்ததோ சுமார் 150 கோடி டாலர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். வெளிநாட்டுப் பொருளுக்கு வரி என்றால் உள்நாட்டுப் பொருளை வாங்கித் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

"வேலை கிடைத்ததே" என்றார் நண்பர். கிடைத்தது, சுமார் 1,800 பேருக்கு. பொய் சொல்ல மாட்டேன், ஒரு வேலை ஒரு குடும்பம். ஆனால் மக்கள் கொடுத்த கூடுதல் விலையை அந்த வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலைக்கு ஆண்டுக்கு 8 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்த சம்பளம் அதன் பக்கத்தில்கூட வராது. இந்தக் கணக்கைச் சொன்னதும் நண்பர் போனைக் கையில் எடுத்துவிட்டார்.

இரும்பு, அலுமினியம் மாதிரி மூலப்பொருளுக்கு வரி போட்டால் அது கார், டப்பா, பிரிட்ஜ் என்று எதிலெல்லாம் போய் ஒளியும் என்று எண்ணி மாளாது, அதை விடுகிறேன். ஆனால் செருப்பு, ஷூவை விட முடியவில்லை. அமெரிக்கச் சுங்க அட்டவணையில் ஆண்களுக்கான பல தோல் ஷூக்களுக்கு 8.5 சதவீதம், மிக மலிவான சில வகைத் துணி, ரப்பர் ஷூக்களுக்கு 48 சதவீதம்வரை. இது ஏதோ புதிதாக வந்த ஏற்பாடு அல்ல, காலங்காலமாக இருப்பது. இருப்பதிலேயே மலிவானதைத் தேடி வாங்குகிறவர்தான் அதிக விகிதத்தில் கட்டுகிறார், அதுவும் கட்டுகிறோம் என்பதே தெரியாமல்.

ஒரு தடவை வந்த வரி சுலபத்தில் போகாது என்பதற்கும் ஓர் உதாரணம். 1960களில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கு வரியை ஏற்றின. பதிலுக்கு 1964இல் அமெரிக்கா சிறிய சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீதம் போட்டது. கோழிச் சண்டை எப்போதோ ஓய்ந்துவிட்டது, வண்டி வரி அறுபது வருடம் கழித்தும் இருக்கிறது. இதைத் தாண்ட ஃபோர்டு நிறுவனம் துருக்கியில் செய்த வேன்களில் பின் இருக்கைகளைப் போட்டுப் பயணிகள் வண்டி என்று 2.5 சதவீத வரியில் இறக்கியது, துறைமுகம் தாண்டியதும் இருக்கைகளைக் கழற்றிச் சரக்கு வேனாக்கியது. வழக்காகி, 2024இல் 36.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. கழற்றி வீசுவதற்கென்றே இருக்கை செய்து கடல் தாண்டி அனுப்பிய செலவும் ஏதோ ஒரு விலையில் சேர்ந்துதானே இருக்கும்?

இறக்குமதி வரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வளரும் தொழிலைக் கொஞ்ச காலம் காக்க, அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்க அது தேவைப்படலாம். என் கோபம் அதை மறைப்பதில்தான். விற்பனை வரி பல நாடுகளில் பில்லில் தனித் தொகையாக வருகிறது, பார்த்துத் திட்டவாவது முடிகிறது. இறக்குமதி வரி மட்டும் விலைக்குள் கரைந்துவிடுகிறது. 2025 ஏப்ரலில் அமேசான் விலைக்குப் பக்கத்தில் அந்தத் தொகையைக் காட்டப்போகிறது என்று செய்தி வந்ததுமே வெள்ளை மாளிகை அதை விரோதச் செயல் என்றது, அமேசானும் அப்படி ஒரு முடிவு எடுக்கவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டது. கட்டுவது வெளிநாட்டுக்காரன் என்றால் பில்லில் போட ஏன் இத்தனை பதற்றம் என்று நண்பரைக் கேட்டேன். மறுபடியும் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.