வேடந்தாங்கலுக்குப் போனால் அந்தக் கரையையும் பாருங்கள்

வேடந்தாங்கலுக்குப் போய்வந்தவர்கள் போடும் படங்களில் கூழைக்கடா இருக்கும், பாம்புத்தாரா இருக்கும், கரண்டிவாயன் இருக்கும். அந்தப் படங்களை எடுக்க அவர்கள் ஏறி நின்ற கரையை யாரும் படமெடுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. ரொம்ப நாளாக மனசை உறுத்தும் விஷயம் இது.

வேடந்தாங்கல் ஒரு பாசன ஏரி. சுமார் 30 ஹெக்டேர்தான். மழைத் தண்ணீரை மறிக்க ஒரு மண்கரை, தண்ணீர் வந்து சேர வரத்துக்கால், வயலுக்குத் திறந்துவிட மதகு, மிஞ்சியது வழிந்தோடக் கலங்கல். செங்கல்பட்டுச் சீமையில் இப்படி நூற்றுக்கணக்கான ஏரிகள் உண்டு. இந்த ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் அழுகாதவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, மரத்தின் அடி தண்ணீருக்குள் போன பிறகுதான் பறவைகள் தைரியமாகக் கூடு கட்டுகின்றன. கீரியோ பூனையோ அவ்வளவு தண்ணீரைக் கடந்து மரமேறி வருவது கஷ்டம். மழை பொய்த்த வருஷத்தில் கூடுகள் குறைந்துவிடும். குஞ்சு பொரித்த பிறகு தண்ணீர் சீக்கிரம் வற்றிவிட்டால் அந்த வருஷத்துக் குஞ்சுகளின் பாடு திண்டாட்டம்தான். அவ்வளவு உயிர்களும் அந்த மண்கரை பிடித்து வைத்திருக்கும் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன.

ஒரு தை மாதக் காலையில் அந்தக் கரையில் நின்று நத்தைகுத்தி நாரையின் கூடு ஒன்றையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய நாரைக்கு அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் வரும். கூட்டில் மூன்று குஞ்சுகள், நேரான அலகோடு வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வெயில் ஏறியதும் தாய் சிறகை விரித்து அவற்றின் மேல் நிழல் பிடித்தது. கீழே இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல எச்சம். காற்று திரும்பினால் அந்த வாடை முகத்தில் அடிக்கும்.

அந்த எச்சம்தான் இந்தக் கதையின் உயிர். ஏரித் தண்ணீரில் கரைந்து, மதகு வழியாக நெல் வயலுக்குப் போகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்தால் உரம் குறைவாகப் போட்டாலே பயிர் நன்றாக வரும் என்பது அங்கே விவசாயம் பார்ப்பவர்களின் பல தலைமுறை அனுபவம். அந்த நாரைகளோ வயலில் இறங்கி நத்தை பொறுக்குகின்றன. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கியது இந்தப் பின்னணியில்தான். உத்தரவு கொடுத்தவர் லயோனல் பிளேஸ். பக்கத்திலே மதுராந்தகத்தில் ‘ஏரி காத்த ராமர்’ கதையில் வருகிறாரே, பெருமழையில் கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் காவல் நின்றதைக் கண்ட துரை என்று, அதே பிளேஸ்தான். ஏரிக்கரை உடைந்தால் என்ன ஆகும் என்ற பயம் அந்த வட்டாரத்தில் தெய்வத்தின் கதையாகவே மாறியிருக்கிறது.

இப்போது என் வருத்தத்துக்கு வருகிறேன். ‘பறவைகளுக்காக மதகை அடைத்துவிடலாமே, பாசனம் எதற்கு’ என்று நல்ல மனசோடு கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. தண்ணீர் எந்த மாதம் எவ்வளவு திறக்கலாம் என்று ஊரோடு உட்கார்ந்து பேசலாம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தண்ணீரில் விவசாயிக்குப் பங்கே இல்லை என்று ஆக்கிவிட்டால், அப்புறம் அந்த ஏரிக்கு யார் காவல்? இருநூறு வருஷத்துக்கு மேல் பறவைகளைக் காத்து, அவை மிரளக் கூடாது என்று பட்டாசுகூட வெடிக்காத ஊரை வெறும் வேடிக்கை பார்க்கிற ஊராக மாற்றுவது அநியாயம்.

இன்னொரு ஆபத்து, அழகுபடுத்துவது. எனக்குத் தெரிந்த ஒரு சிற்றேரிக்கு அது நேர்ந்தது. நம் ஏரிகள் பிறைநிலா மாதிரி, பள்ளத்துப் பக்கம்தான் கரை இருக்கும், மேட்டுப் பக்கம் திறந்து கிடக்கும். அந்தத் திறந்த பக்கம்தான் தண்ணீர் உள்ளே வரும் வழி. கணுக்கால் அளவு, முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதும் அங்கேதான். கொக்கும் நாரையும் அரிவாள் மூக்கனும் நடந்து இரை தேடும் இடம் அது. நான் சொன்ன ஏரியில் நடைபாதை போட வேண்டும் என்று சுற்றிலும் கரை எழுப்பினார்கள். நடுவில் கிணறு மாதிரி ஆழமாகத் தோண்டினார்கள். முதல் மழைக்கு வரத்துக்கால் தண்ணீர் புதுக் கரையில் முட்டித் திரும்பிப் பக்கத்து மனைகளுக்குள் போனது. ஏரியில் இன்று நாலைந்து நீர்க்காகங்கள் முங்கி எழுகின்றன. நடந்து மேயும் பறவை ஒன்றுகூட இல்லை. தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை. கரையோரம் கொஞ்சம் ஆழம் இருக்கட்டும், மேட்டுப் பக்கத்துச் சரிவையும் மரம் நிற்கும் திட்டுகளையும் தொடாதீர்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

2020இல், ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் தூரம் வரை இருக்கும் சரணாலய எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்தபோது நிறையப் பேர் கொதித்தோம். 2022இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கல் சேர்ந்தபோது கொண்டாடினோம். இரண்டும் சரி. ஆனால் அந்த 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் மற்ற ஏரிகளும் வயல்களும்தான் இந்தப் பறவைகளுக்குச் சாப்பாட்டு இடம். வேடந்தாங்கல் பிள்ளை பெற்று வளர்க்கும் வீடு. அந்தச் சின்ன ஏரிகளின் வரத்துக்காலில் மண் மேடிட்டால் யார் கொதிக்கிறோம்?

இந்த வருஷம் பறவைகள் போன பிறகு, சித்திரை வைகாசியில், ஏரி வற்றிக் கிடக்கும்போது ஒருமுறை அந்தப் பக்கம் போங்கள். பார்க்க ஒரு பறவைகூட இருக்காது. சுற்றுவட்டாரத்தில் வரத்துக்கால்கள் எங்கே அடைபட்டிருக்கின்றன, எங்கே குப்பை கொட்டியிருக்கிறார்கள், எந்த மதகில் பலகை உடைந்திருக்கிறது என்று பாருங்கள். படமெடுத்து ஊர் பெயரோடு போடுங்கள். மழைக்கு முன்னால் வேலை நடக்க நாலைந்து மாதம் இருக்கும்.